திருச்சி பக்கம் குடியை விட நினைப்பவர்களுக்கான ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் எங்கே நடக்கிறது? தெரிந்த முகம் இல்லாத இடமாக இருந்தால் நல்லது

ஆடிக்காத்து | ஜூலை 19, இரவு 11.48

வணக்கம். இங்கே பல வருடமாகப் படிக்கிறேன், எழுதியதில்லை. முசிறி பக்கம் ஊர். வயது 43. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்புக்குப் படம் எடுப்பது தொழில்.

குடி 20 வருடம். முதலில் வேலை முடிந்த பிறகுதான். ரிசப்ஷன் முடிந்து, லைட்டெல்லாம் பிரித்து வண்டியில் ஏற்றியதும் பையன்களோடு ஒரு கட்டிங். இப்போது வேலைக்கு முன்னாலேயே வேண்டியிருக்கிறது. முகூர்த்தம் நாலரை, ஆறு என்று வைப்பார்கள். டாஸ்மாக் திறப்பது பகல் 12க்கு. அதனால் முதல் நாள் இரவே ஒரு குவார்ட்டர் வாங்கி லென்ஸ் பையில் வைத்துவிடுவேன். காலையில் அதில் பாதி உள்ளே போனால்தான் கை நிற்கும்.

வைகாசியில் ஒரு கல்யாணம். மண்டபத்து அறையில் பெண்வீட்டார் நாலு பேர் என்னோடு படுத்துவிட்டார்கள். பையைத் திறக்க முடியவில்லை. தாலி கட்டும்போது எட்டுப் படம் எடுத்தேன், எட்டும் அசைந்திருந்தன. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை வெட்டி எடுத்து ஆல்பத்தில் வைத்துச் சமாளித்தேன். இன்று வரை அவர்களுக்குத் தெரியாது.

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. எனக்கு ஓய்வு இந்த ஒரு மாதம்தான், அதிகம் குடிப்பதும் இதே மாதம்தான். இந்த ஆடியோடு விட்டுவிடலாம் என்று நேற்றுக் காலையிலிருந்து தொடவில்லை. ஏ.ஏ. என்று கூட்டம் நடத்துகிறார்களாமே, தமிழில் நடக்குமா? பணம் கட்ட வேண்டுமா? பேர், ஆதார் கேட்பார்களா? சாமி கும்பிடச் சொல்வார்களா? எல்லாவற்றையும்விட, இந்த மூன்று தாலுகாவில் எனக்குத் தெரியாத முகம் குறைவு. நான் எடுத்த படத்தைக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிற ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

இரவுப்பணி | ஜூலை 20, இரவு 12.20

கூட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயம், உடனே படியுங்கள். நான் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியர்.

காலையில் குடித்தால்தான் கை நிற்கும் என்கிற நிலைக்கு வந்தவர் திடீரென்று ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. இத்தனை வருடம் மது மூளையை அமுக்கி வைத்திருந்தது. மூளையும் அதற்கு எதிராகத் தன் வேகத்தைக் கூட்டிப் பழகிவிட்டது. இப்போது அமுக்குகிற கை எடுபட்டுவிட்டது, வேகம் மட்டும் அப்படியே நிற்கிறது. வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதற்குப் பிறகு, இரண்டாம் மூன்றாம் நாளில், சிலருக்கு ஆள் தெரியாத குழப்பம் வரும், இல்லாதது கண்ணில் தெரியும். அது உயிரையே எடுக்கக்கூடியது. நீங்கள் நிறுத்தி 40 மணி நேரம் ஆகிறது. வேர்க்கிறதா? முன்னே எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா? வீட்டில் கூட யார் இருக்கிறார்கள்?

ஆடிக்காத்து | ஜூலை 20, இரவு 12.41

வேர்க்கிறது. சட்டை மாற்றியாயிற்று. வலிப்பு வந்ததில்லை. மனைவியும் பெண்ணும் தூங்குகிறார்கள். சற்று முன்னால் சுவரில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. பல்லியாக இருக்கும்.

இரவுப்பணி | ஜூலை 20, இரவு 12.44

மனைவியை எழுப்புங்கள். சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். பல்லி இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள். இருந்தாலும்கூட விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தனியாகப் போக வேண்டாம், பைக் ஓட்டவே கூடாது.

தென்னூரான் | ஜூலை 20, காலை 6.15

தம்பி, ராத்திரி என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தால் நல்லது. திரும்பி வந்து படியுங்கள். நான் குடித்து 14 வருடம் ஆகிறது, அதாவது குடிக்காமல் இருந்து.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். தமிழில்தான் நடக்கும். ஆதார், முகவரி எதுவும் கேட்கமாட்டார்கள். பேருக்கு ஏதாவது ஒரு பேர் சொன்னால் போதும். கட்டணம் இல்லை. முடிவில் ஒரு பை சுற்றி வரும், பத்து ரூபாய் போடுவோம், ஒன்றும் போடாமலும் இருக்கலாம், முதல் தடவை வருபவர் போட வேண்டாம் என்றே சொல்வோம். அதில்தான் வாடகையும் டீயும். வெளியாள் யாராவது லட்ச ரூபாய் கொடுத்தாலும் வாங்கமாட்டோம், அது எங்கள் மரபு. சேருவதற்குத் தகுதி ஒன்றே ஒன்று: குடியை விடவேண்டும் என்ற ஆசை. விட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கவனியுங்கள்.

திறந்த கூட்டம், மூடிய கூட்டம் என்று இரண்டு உண்டு. திறந்த கூட்டத்துக்கு மனைவி, அண்ணன், டாக்டர் யார் வேண்டுமானாலும் வரலாம். மூடிய கூட்டத்தில் குடிநோயாளிகள் மட்டும். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் நடக்கும். புத்தகத்திலிருந்து கொஞ்சம் வாசிப்பார்கள், பிறகு ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார்கள். குறுக்கே பேசக் கூடாது, புத்திமதி கூடாது. உங்கள் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்காரலாம். நான் முதல் ஆறு கூட்டம் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

தெரிந்த முகம் என்கிறீர்கள். இருக்கத்தான் செய்யும். அவரும் உங்களைப் பார்த்து அதே அளவு பயப்படுவார்.

இடத்துக்கு: ஏ.ஏ. இந்தியா இணையதளத்தில் ஊர்வாரியாகப் பட்டியல் உண்டு, தொடர்பு எண்ணும் இருக்கும். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். பள்ளிக்கூடம் ஒன்று இடம் தந்தது என்பார்கள், அடுத்த வருடம் தலைமையாசிரியர் மாறினால் இடமும் மாறிவிடும். போன் செய்துவிட்டுப் போங்கள்.

நலம்விரும்பி77 | ஜூலை 20, காலை 9.02

எதற்கு இவ்வளவு அலைச்சல்? பத்திரிகையில் விளம்பரம் வருகிறதே, சாப்பாட்டில் குடிக்கிறவருக்குத் தெரியாமல் கலந்து கொடுக்கிற பவுடர். ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. மனைவியிடம் சொல்லி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். என் சித்தப்பா மூன்றே வாரத்தில் விட்டார்.

வாசல்கோலம் | ஜூலை 20, காலை 10.37

இதற்குப் பதில் சொல்லத்தான் உள்ளே வந்தேன். நான் என் கணவருக்குக் கொடுத்திருக்கிறேன், 2011ல், ரசத்தில் கலந்து. நாலு நாள் அவர் குடிக்கவில்லை, ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் மச்சினர் வீட்டு விசேஷம். அங்கே ஒரு ரவுண்டுதான் போட்டிருப்பார். முகம் செங்கல் மாதிரி சிவந்தது, வாந்தி, மூச்சு வாங்கியது, அப்படியே சரிந்துவிட்டார். மூன்று நாள் ஐ.சி.யு. "ஏதாவது மாத்திரை சாப்பிட்டாரா" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "இல்லை" என்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

இரவுப்பணி | ஜூலை 20, காலை 11.10

அக்கா சொன்னது டைசல்ஃபிராம் என்கிற மருந்து வேலை செய்கிற விதம். அது உடம்பில் இருக்கும்போது மது உள்ளே போனால், பாதியில் உண்டாகிற நச்சுப்பொருள் உடையாமல் தேங்கிவிடும். இரத்த அழுத்தம் விழும், இதயம் தடுமாறும். டாக்டர் தருகிற மருந்துதான் அது. ஆனால் நோயாளி தெரிந்து, ஒப்புக்கொண்டு, இதயமும் கல்லீரலும் பார்த்த பிறகு தருவது. பேரில்லாத பவுடரில் அதுவே இருக்கிறதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்றுகூடச் சொல்ல முடியாது. குடிவேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில் போய்க் கேளுங்கள்.

நெறியாளர் | ஜூலை 20, காலை 11.32

பவுடர் பற்றிய பதிவை எச்சரிக்கைக்காக அப்படியே விட்டுவைக்கிறேன். விற்பவர் எண் யாரும் பகிரக் கூடாது. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416, தமிழில் பேசலாம்.

கருப்புச்சட்டை | ஜூலை 20, மாலை 5.50

தோழர் ஆடிக்காத்துக்கு இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏ.ஏ.யின் 12 படிகளை எடுத்துப் படியுங்கள், கடவுள் திரும்பத் திரும்ப வருவார். "மதுவின் முன் நாங்கள் சக்தியற்றவர்கள்" என்று முதல் படியிலேயே கையைத் தூக்கச் சொல்கிறார்கள். ஒரு பகுத்தறிவாளனுக்கு அது ஒத்துவராது. நான் மருந்தாலும் கவுன்சிலிங்காலும் மீண்டேன், ஐந்து வருடம் ஆகிறது.

கூடவே ஓர் எச்சரிக்கை. "மறுவாழ்வு மையம்" என்று போர்டு மாட்டிய இடமெல்லாம் மையம் இல்லை. என்னை 2016ல் சொந்தக்காரர்கள் கை காலைக் கட்டி ஒன்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். செல்போனைப் பிடுங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் பைப்பால் அடித்தார்கள். அதற்குப் பேர் சிகிச்சை. வெளியே வந்த அன்றைக்கே கடைக்குப் போனேன். 2017ல் வந்த மனநலச் சட்டப்படி இப்படிப்பட்ட மையங்கள் மாநில ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், மனநல மருத்துவர் யார், எந்தக் கிழமை வருவார் என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் அங்கே நிற்காதீர்கள்.

தென்னூரான் | ஜூலை 20, இரவு 8.05

பைப்படி விஷயத்தில் உங்களோடு முழுக்க உடன்படுகிறேன்.

சாமி விஷயத்தில் பாதிதான். "நாங்கள் புரிந்துகொண்ட அளவில் கடவுள்" என்றுதான் படியில் இருக்கிறது. எங்கள் குழுவில் ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவர், திராவிடர் கழகக்காரர். பிரார்த்தனை ஆரம்பிக்கும்போது சத்தமில்லாமல் எழுந்து டீ ஊற்றப் போய்விடுவார். ஒன்பது வருடமாக எங்களுக்கு டீ ஊற்றுவது அவர்தான். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. டீயில் சர்க்கரை அதிகம் என்பதைத் தவிர.

இரவுப்பணி | ஜூலை 20, இரவு 9.15

இரண்டையும் எதிரெதிராக நிறுத்த வேண்டாமே. 2020ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு ஒன்று வந்தது. 27 ஆய்வுகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஏ.ஏ.யும் அதை ஒட்டிய முறையான சிகிச்சையும், முழுக்கக் குடிக்காமல் இருப்பது என்ற அளவில், மற்ற மனநலச் சிகிச்சைகளுக்குக் குறைவில்லை, சிலதைவிட மேலாகவும் இருந்தன. மருந்து சாப்பிட்டுக்கொண்டே கூட்டத்துக்குப் போகலாம். எங்கள் வார்டிலிருந்து போகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

தெக்கா பையன் | ஜூலை 21, காலை 7.30

நான் சிங்கப்பூரில் கட்டுமான வேலை. டார்மிட்டரியில் 12 பேர் ஒரே அறை, கூட்டத்துக்கு எங்கே போவது? 2020ல் கொரோனா அடைப்பில்தான் ஜூம் வழியாகத் தமிழ்க் கூட்டம் கிடைத்தது. மேல் பங்க் கட்டிலில் படுத்து, போர்வைக்குள் இயர்போன், கேமரா ஆஃப். கீழே படுத்திருப்பவன் நான் பொண்டாட்டியோடு பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். முகத்துக்குப் பயப்படுகிறவர்கள் அப்படி ஆரம்பிக்கலாம். ஆனால் அதிலேயே நின்றுவிடாதீர்கள் அண்ணே. கேமராவை அணைத்துவிட்டுக் குடித்துக்கொண்டே கூட்டம் கேட்டவன் நான்.

ஆடிக்காத்து | ஜூலை 27, மாலை 4.10

எல்லோருக்கும் வணக்கம். பல்லி இல்லை.

மனைவி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், பிறகு அவளே 108ஐக் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். தையமின் (வைட்டமின் பி1) ஊசி போட்டார்கள், நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்து ஒவ்வொரு நாளும் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இரண்டாம் நாள் ராத்திரி நான் கட்டிலில் உட்கார்ந்து இல்லாத கேமராவுக்கு ஃபோகஸ் பிடித்துக்கொண்டிருந்தேனாம். அவள்தான் சொன்னாள். எனக்கு ஞாபகம் இல்லை. இரவுப்பணி மேடம், நீங்கள் அன்றைக்குத் தூங்கப் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

இனிமேல்தான் கூட்டம்.

வாசல்கோலம் | ஜூலை 27, மாலை 6.25

தம்பி, உங்கள் மனைவிக்கும் ஒரு வார்த்தை. குடிக்கிறவர் வீட்டுக்காரர்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு. ஏ.ஏ.யைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் என்பவரின் மனைவி லோயிஸ், இன்னொரு அம்மாவோடு சேர்ந்து 1951ல் ஆரம்பித்தது. நாங்கள் அங்கே கணவரை எப்படித் திருத்துவது என்று பேசுவதில்லை. பாட்டிலை ஒளித்து வைப்பது, முதலாளிக்குப் போன் செய்து "அவருக்குக் காய்ச்சல்" என்று பொய் சொல்வது, வாசலில் பைக் சத்தம் கேட்கிற வரை தூங்காமல் கிடப்பது, இதையெல்லாம் எப்படி விடுவது என்றுதான் பேசுவோம். ரசத்து விஷயத்தை நான் முதன்முதலில் சொன்னது அங்கேதான். அவருக்குச் சொன்னது அதற்கு ஒரு வருடம் கழித்து.

ஆடிக்காத்து | ஆகஸ்ட் 3, இரவு 11.20

நேற்று வெள்ளிக்கிழமை போனேன். தென்னூரான் அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒன்றைச் செய்யவில்லை. போன் செய்ய வெட்கமாக இருந்தது. எண்ணை மட்டும் சேமித்துக்கொண்டேன். பட்டியலில் இருந்த முகவரியை வைத்துக்கொண்டு பஸ் ஏறி, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோவில் போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. வாட்ச்மேன் கட்டிலில் சாய்ந்துகொண்டு, "குடிக்கிறவங்க மீட்டிங்கா? அது போன வருசமே போயிருச்சே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது. அதுதான் பயம். முயற்சி பண்ணினேன், கிடைக்கவில்லை, என் தப்பில்லை. சத்திரத்துக்கு நடந்தே திரும்பினேன். வழியில் கடை இருந்தது, எதற்கு மறைக்க. 15 நாள் ஆகியிருந்தது. எதிரே டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். டீ ஆறிக்கொண்டே இருந்தது. கடையில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த எண்ணை அழுத்தினேன்.

எடுத்தவர் "எங்கே இருக்கீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "டீயைக் குடிச்சுக்கிட்டே இருங்க" என்றார். கால் மணி நேரத்தில் ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினார், வேட்டி, கையில் மஞ்சப்பை. என் எதிரே உட்கார்ந்து தன் பேரைச் சொன்னார், குடிநோயாளி என்றார், சர்வ சாதாரணமாக, ரத்த வகை சொல்கிற மாதிரி. பிறகு தன் கதையைச் சொன்னார். அவர் லாரி ஓட்டியவர். நான் எட்டுப் படத்தைச் சொன்னேன். இதுவரை இங்கே தவிர எங்கேயும் சொன்னதில்லை. ஒன்பதே காலுக்குக் கடைசிக்கு முந்தின பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் போனார். கூட்டத்துக்குத்தான் போக முடியவில்லை.

தென்னூரான் | ஆகஸ்ட் 4, காலை 6.02

போய்விட்டு வந்துவிட்டீர்கள் தம்பி. இரண்டு மூன்று குடிநோயாளிகள் குடிக்காமல் இருப்பதற்காகக் கூடினால் அதுவே ஒரு குழு என்று எங்கள் மரபுகளில் எழுதியிருக்கிறது.

சொல்லப்போனால் ஏ.ஏ. பிறந்ததே உங்கள் டீக்கடை மாதிரி ஒரு சாயங்காலத்தில்தான். 1935 மே மாதம், அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் ஊர். பில் வெளியூர்க்காரர், வியாபார விஷயமாக வந்து தோற்றுப்போய் ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். குடிக்காமல் ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பாரிலிருந்து சத்தம், இன்னொரு பக்கம் தேவாலயங்களின் பட்டியலும் டெலிபோனும். போனை எடுத்து ஒரு பாதிரியாரிடம் பேசினார். அவர் மூலமாக ஓர் அம்மா, அந்த அம்மா மூலமாக உள்ளூர் டாக்டர் பாப். அவரும் மொடாக்குடி. கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று வந்த டாக்டர் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். பாப் கடைசியாகக் குடித்த ஜூன் 10ஐத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாக வைத்திருக்கிறோம். இங்கே டெல்லியில் 1957ல் வந்தது.

பில்லுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டது அறிவுரை இல்லை, இன்னொரு குடிகாரன். உங்களுக்காக ஸ்கூட்டர் எடுத்துக்கொண்டு வந்தாரே, அவருக்கும் அன்று சாயங்காலம் நீங்கள் தேவைப்பட்டிருப்பீர்கள். இடம் மாறின விவரத்தைப் பட்டியலில் திருத்தச் சொல்லி நானும் எழுதுகிறேன்.

கருப்புச்சட்டை | ஆகஸ்ட் 4, காலை 10.44

அந்த டீக்கடைக் கூட்டத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆடிக்காத்து | ஆகஸ்ட் 10, இரவு 10.55

இந்தத் தடவை கேட்டுவிட்டுப் போனேன். ஒரு தேவாலய வளாகத்து வகுப்பறை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சு, முட்டி மேஜையில் இடிக்கிறது. சுவரில் உயிர்மெய் எழுத்து அட்டவணை. 11 பேர், அதில் ஒரு பெண். வாசலிலேயே, உள்ளே படம் எடுக்கக் கூடாது என்றார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நான் பயந்தது நடந்தது. இரண்டாம் பெஞ்சில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ நேரத்தில் பக்கத்தில் வந்து, "எங்க தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். "மண்டபத்துக்குப் பின்னாடி ஜெனரேட்டர் பக்கம் நாம ரெண்டு பேரும் அன்னைக்குக் குடிச்சோமே, ஞாபகம் இருக்கா?" என்றார். எனக்குச் சுத்தமாக ஞாபகம் இல்லை. அவருக்கும் என் பேர் ஞாபகம் இல்லை. சர்க்கரை அதிகமான டீயோடு நின்றுகொண்டிருந்தோம்.

என் முறை வந்தபோது கேட்க மட்டும் வந்தேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அக்கரை | ஆகஸ்ட் 12, அதிகாலை 3.17

குளித்தலை. 31 வயது. இழையை முழுக்கப் படித்தேன். வெள்ளிக்கிழமை யாராவது போகிறீர்களா?

இரவுப்பணி | ஆகஸ்ட் 12, அதிகாலை 3.25

முதலில் சொல்லுங்கள், கடைசியாகக் குடித்தது எப்போது? தினமும் எவ்வளவு? காலையில் குடிக்க வேண்டியிருக்கிறதா?

அக்கரை | ஆகஸ்ட் 12, அதிகாலை 3.31

நேற்று இரவு. வாரத்தில் மூன்று நாலு நாள். காலையில் இல்லை, நடுக்கமும் இல்லை. இதுவரை.

ஆடிக்காத்து | ஆகஸ்ட் 12, காலை 5.40

நான் போகிறேன். உங்களுக்கு ஆற்றைத் தாண்ட வேண்டாம், குளித்தலையிலிருந்தே நேராக பஸ் இருக்கிறது. சத்திரத்தில் இறங்கி அங்கேயே நில்லுங்கள், ஆறரைக்கு நான் வந்துவிடுவேன். நெறியாளர் வழியாக என் எண் அனுப்பச் சொல்கிறேன். தயங்காமல் கூப்பிடுங்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை, தோளில் பை இருக்காது.